அழாத குழந்தைகளோட வார்டு

வணக்கம் நேயர்களே. சின்ன வயசுல தாயைப் பிரிஞ்சா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்ன ஆகுது, பிள்ளை மத்தவங்களோட எப்படிப் பழகுதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. எலியில இருந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காதீங்க.

1957-ல அமெரிக்காவுல சீமோர் லெவின்னு ஒருத்தர், பொறந்த எலிக்குட்டிங்களை தினமும் சில நிமிஷம் தாய்கிட்ட இருந்து எடுத்துட்டு மறுபடி கூட்டுல விட்டுப் பார்த்தார், பாவம் குட்டிங்க கெட்டுப்போயிடும்னுதான நாம நினைப்போம், ஆனா வளர்ந்தப்புறம் பார்த்தா யாரும் தொடாம விட்ட குட்டிங்களை விட இதுங்கதான் பதறாம இருந்துச்சு. அதே பிரிவை தினம் மூணு மணி நேரமா நீட்டினா கதையே தலைகீழ், வளர்ந்தப்புறம் சின்ன தொந்தரவுக்கே ஹார்மோன் எகிறுது.

ஏன் இப்படி? கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல மைக்கேல் மீனியோட குழு தாய் எலியை கவனிச்சாங்க. கொஞ்ச நேரம் காணாம போய் திரும்பி வந்த குட்டியை தாய் விழுந்து விழுந்து நக்குது. அப்படி நிறைய நக்கி வளர்த்த குட்டியோட மூளையில, ஹிப்போகேம்பஸ்ங்கிற இடத்துல, அந்த ஹார்மோனைப் பிடிக்கிற ரிசெப்டார் அதிகம்னு 1997-ல எழுதினாங்க. ரிசெப்டார் அதிகம்னா ஹார்மோன் ஏறினதுமே மூளைக்குத் தெரிஞ்சிடும், அதைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பிக்கு போதும் நிறுத்துன்னு தகவல் போயிடும். குட்டிங்களை தாய் மாத்திப் போட்டும் பார்த்தாங்க, வளர்த்தவ நக்குறவளா இருந்தா குட்டியும் நிதானமாதான் வந்துச்சு. பெத்தவளா வளர்த்தவளாங்கிற நம்ம பட்டிமன்றத்துக்கு எலி எப்பவோ தீர்ப்பு சொல்லிடுச்சு.

இதை வச்சு வேலைக்குப் போற அம்மாக்களை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். சாயங்காலம் அம்மா திரும்பி வருவாங்க, நடுவுல பாட்டியோ தெரிஞ்ச ஆயாவோ தூக்கி வச்சிருப்பாங்க. யாருமே வராத குழந்தையோட கதை வேற, அதுக்கு ருமேனியாவுக்குப் போகணும்.

1966-ல அங்க ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்குவோட அரசு கருக்கலைப்புக்குத் தடை போட்டுச்சு, வளர்க்க வசதியில்லாதவங்க பிள்ளைங்களை அரசு இல்லங்கள்ல விட ஆரம்பிச்சாங்க. 1989 டிசம்பர்ல ஆட்சி கவிழ்ந்தப்புறம் உள்ள போய்ப் பார்த்தவங்க அதிர்ந்துபோனது அங்க இருந்த அமைதியைப் பார்த்துதான், வரிசையா தொட்டில், உள்ள குழந்தைங்க, ஆனா அழுகைச் சத்தமே இல்ல. அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்றோம், அங்க அழுதாலும் யாரும் வரல, அதனால அழறதையே விட்டுருச்சுங்க.

அப்புறம் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனான்னு மூணு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க, ருமேனியாவோட தலைநகர் புக்கரெஸ்ட்ல இல்லங்கள்ல இருந்த 136 குழந்தைங்களை எடுத்துக்கிட்டு, குலுக்கல் முறையில பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பினாங்க, மீதிப் பேருக்கு வழக்கமான அரசு பராமரிப்பு. மனசுக்கு ஒப்பாத வேலைதான், ஆனா அங்க வளர்ப்புக் குடும்பம்ங்கிற ஏற்பாடே அப்ப பேருக்குதான் இருந்துச்சு, இவங்கதான் ஆள் தேடி உருவாக்கினாங்க.

பன்னெண்டு வயசு வாக்குல அந்தப் பிள்ளைங்களை ஆளுங்க முன்னாடி பேச வச்சு, கணக்குப் போட வச்சு கார்ட்டிசோல், அதாவது மனுஷங்களோட ஸ்ட்ரெஸ் ஹார்மோனை அளந்தாங்க. இல்லத்துலயே விட்ட பிள்ளைங்களுக்கு அது எகிறியிருக்கும்னு எதிர்பார்ப்பீங்க, இல்ல, ஏறவேண்டிய அளவுக்குக்கூட ஏறல. நிறைய பேருக்குப் புரியாத இடம் இதுதான், எலியில மூணு மணி நேரப் பிரிவுக்கு ஹார்மோன் எகிறுது, வருஷக்கணக்கா கவனிப்பே இல்லைன்னா அந்த ஏற்பாடே மந்தமாயிடுது. சாதுவான பிள்ளை, தொந்தரவே இல்லைன்னு மெச்சிக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும். சுமார் ரெண்டு வயசுக்கு முன்னாடி குடும்பத்துக்குப் போனவங்களுக்கு மட்டும் அது சாதாரணப் பிள்ளைங்க மாதிரியே ஏறி இறங்குச்சு.

பழகற விதத்துலயும் ஒரு சோதனை. நாலரை வயசு வாக்குல, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வீட்டு வாசல்ல வந்து நின்னு, என்கூட வா, ஒண்ணு காட்டறேன்னு கூப்பிடுவார். வீட்டுலயே வளர்ந்த பிள்ளைங்க வளர்க்கிறவங்க முகத்தைப் பார்க்கும், பின்னாடி ஒளியும், போனது ரொம்பக் கொஞ்சம். இல்லத்துப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் திரும்பிக்கூடப் பார்க்காம கூடவே கிளம்பிட்டாங்க. எல்லார்கிட்டயும் ஒட்டிக்குது, நல்ல குழந்தைன்னு அதை நினைக்கக்கூடாது, யார் தன் ஆளுன்னு பிரிச்சுப் பார்க்கவே அதுக்குத் தெரியல. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவங்கள்ல அப்படிக் கிளம்பினவங்க குறைவு, ஆனா இல்லாம போகல.

ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களை, கடுமையான ஊனம் இருந்தா தவிர, இல்லத்துல போடக்கூடாதுன்னு ருமேனியாவுல 2004-ல சட்டம் வந்துச்சு.