78 வயதில் கீமோ தாங்குமா?

[திரையில்: கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு டேப் கோடு.]

இந்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 78 வயது, 45 கிலோ எடை. பல மாத இருமல். பயாப்சியில் நுரையீரல் புற்றுநோய் என்று வந்துவிட்டது, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. பக்கத்தில் நிற்கிற மகன் கேட்கும் முதல் கேள்வி: "டாக்டர், இந்த வயசுல அப்பா கீமோவைத் தாங்குவாரா?"

இதற்கு இரண்டு அவசரப் பதில்கள் உண்டு. "இந்த வயசுல எதுக்குங்க, வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கோங்க" என்பது ஒன்று. "ஆள் தெம்பாத்தானே இருக்கார், ஆரம்பிச்சிடலாம்" என்பது இன்னொன்று. முன்னது பிறந்த வருஷத்தைப் பார்த்துச் சொன்னது. பின்னது ஆளைக் கண்ணால் பார்த்துச் சொன்னது.

பிறந்த வருஷக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதை 2011-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. 70 முதல் 89 வயது வரையுள்ள 451 நுரையீரல் புற்றுநோயாளிகள். ஒரு பாதிக்கு ஒற்றை மருந்து, மறு பாதிக்கு கார்போபிளாட்டின், பாக்லிடாக்ஸல் என இரட்டை மருந்து. ஒற்றை மருந்துக்காரர்களில் பாதிப் பேர் 6.2 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், இரட்டை மருந்துக்காரர்களில் பாதிப் பேர் 10.3 மாதம் தாண்டி. ஆனால் இரட்டை மருந்தில் பக்கவிளைவும் கூடுதல். அப்படியானால் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு வேண்டாம்? இங்கேதான் கண் பார்வை மட்டும் போதவில்லை.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

[திரையில்: நர்ஸ் கையில் ஸ்டாப்வாட்ச்.]

"ஐயா, எழுந்து அந்தக் கோடு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து உட்காருங்க. அவசரமே இல்ல." பெரியவர் இரண்டு கைப்பிடியையும் அழுத்தி எழுகிறார். கோட்டருகே ஒரே வீச்சில் திரும்ப முடியவில்லை, நாலைந்து குட்டி அடி வைத்துத் திரும்புகிறார். உட்காரும்போது தொப்பென்று உட்காருகிறார். 17 விநாடி. இந்தச் சோதனையில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கு வைத்திருக்கிறது. மகனைக் கேட்டால் "அப்பா நல்லா நடப்பாரே" என்பார். பொய் சொல்லவில்லை. வீட்டுக்குள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பதை யார் உட்கார்ந்து கவனிக்கிறார்கள்? பாக்லிடாக்ஸல் பாதத்தை மரத்துப்போக வைக்கிற மருந்து. ஏற்கெனவே தள்ளாடுகிற காலுக்கு அதைக் கொடுத்தால், புற்றுநோய்க்கு வந்தவர் இடுப்பு எலும்பு முறிந்து எலும்பு வார்டில் படுத்துவிடுவார்.

அடுத்தது ஜி8 என்ற எட்டுக் கேள்வி. பத்து நிமிடம்கூட ஆகாது. மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழு முதியோர் மதிப்பீடு தேவை. எனக்கு இதில் பிடித்தது மதிப்பெண்ணைப் பிரித்திருக்கும் விதம். வயதுக்கு வெறும் 2. சாப்பாட்டு அளவு, எடைக் குறைவு, உயரத்துக்கேற்ற எடை இந்த மூன்றுக்கும் சேர்த்து 8. ஏறக்குறைய பாதி! நம் பெரியவருக்கு வந்தது 8. இதில் வயது அவருக்கு முழுசாக 2 வாங்கிக் கொடுத்திருக்கிறது, 80 ஆகவில்லையே. அவரைக் கவிழ்த்தது தட்டு. மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறார். நோய் ஒரு காரணம். துருவிக் கேட்டபோது இன்னொன்றும் வந்தது: மேல் பல்செட் ஈறில் குத்துகிறது, கழற்றி வைத்துவிட்டார். இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடிப்பதுதான் மூன்று வேளையும்.

இப்போது ரத்தப் பரிசோதனை.

[திரையில்: ஆய்வக ரிப்போர்ட். கிரியேட்டினின் 1.0. பக்கத்தில் 'நார்மல்'.]

கிரியேட்டினின் 1.0, எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்சம் பொறுங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். தசை கரைந்துபோனவருக்கு சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் அந்த எண் அவ்வளவாக ஏறாது. அதனால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கணக்குப் போடுகிறார்கள்: 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு வந்ததை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 40 வயது, 70 கிலோ ஆணுக்கு இதே 1.0 இருந்தால் விடை 97. நம் பெரியவருக்கு 62-ஐ 45-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் 39. ஒரே ரிப்போர்ட், பாதிக்கும் குறைவான சிறுநீரகம். சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கிற சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து இத்துடன் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அப்புறம் மாத்திரைப் பை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று நிறுத்திவிடுவார்கள். பையைக் கவிழ்த்தால்தான் மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கியது, காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை எல்லாம் வந்து விழும். வலி மாத்திரை ஏற்கெனவே 39-இல் இருக்கிற சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். கேஸ் மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. ஆனால் ஜெஃபிடினிப், எர்லாட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகள் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை நிறுத்திவிட்டால் அந்த மாத்திரை பாதி வீண்.

அன்றாட வேலை, ஞாபகம், மனச்சோர்வு, வீட்டில் துணை என்று இன்னும் கேட்பார்கள். இந்தக் கேள்விகளை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் வேடிக்கையாகிவிடும். "நீங்களே சமைப்பீங்களா?" என்றால் நம்மூர்த் தாத்தாக்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்தே ஊனமுற்றவர்கள்தான். கடிகாரம் வரையச் சொல்வார்கள்; பேனாவே பிடிக்காத பாட்டியிடம் அது ஞாபக சக்தியைச் சோதிக்காது, பள்ளிக்கூடம் போனாரா என்பதைத்தான் சோதிக்கும். கேட்பவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை மெனக்கெட்டு என்ன லாபம்? 2016-இல் வெளிவந்த எஸோஜியா என்ற ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 70 வயது தாண்டிய, நோய் பரவிய 494 நுரையீரல் புற்றுநோயாளிகள். ஒரு குழுவுக்கு வயதையும் கண்ணால் பார்த்த தெம்பையும் வைத்து மருந்து முடிவானது, மற்றதற்கு முழு முதியோர் மதிப்பீட்டை வைத்து. ஆயுள் கூடியதா? இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஆறு மாதம்தான். அதோடு மூடிவைத்துவிடத் தோன்றும். ஆனால் மருந்தின் நச்சுத்தன்மையால் சிகிச்சை முறிந்துபோனவர்கள் முதல் குழுவில் 11.8 சதவீதம், மதிப்பீட்டுக் குழுவில் 4.8. அந்தக் குழுவில் 23 சதவீதம் பேருக்குக் கீமோவே கொடுக்கவில்லை, வலியையும் மூச்சுத்திணறலையும் மட்டும் கவனித்தார்கள். அதே சமயம் இரட்டை மருந்து பெற்றவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கீமோவே கொடுக்காமலும் மொத்தக் குழுவின் ஆயுள் குறையவில்லை என்றால், அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

2021-இல் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில் 718 பேர், பலவகைப் புற்றுநோய். மதிப்பீட்டு முடிவை டாக்டர் கையில் கொடுத்ததில் கடுமையான பக்கவிளைவு 71-லிருந்து 51 சதவீதமாக இறங்கியது. நம் பக்கத்தில், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வயதான புற்றுநோயாளிகளுக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது.

[திரையில்: மறுபடி அதே நாற்காலி.]

நம் பெரியவருக்கு என்ன ஆகும்? ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. அவர் பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆசியர்களில், அதுவும் புகைக்காதவர்களில், புற்றுநோய்க் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் அதிகம் பார்க்கப்படுகிறது. அது இருந்தால் ஊசியே வேண்டாம், முன்பு சொன்ன ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை போதும். எழுந்து நடக்க முடியாத நிலையில் இருந்தவர்கள்கூட அதில் தேறியிருக்கிறார்கள். அந்த மரபணுப் பரிசோதனையின் ரிப்போர்ட் வரும்வரை பல் டாக்டரிடம் ஒரு சீட்டு, பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு, வலி மாத்திரைக்கும் கேஸ் மாத்திரைக்கும் தடை.

கடைசியாக டாக்டர் மகனைப் பார்க்காமல் அவரையே கேட்கிறார்: "ஐயா, உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

"வர்றதுதாங்க. ரெண்டு பஸ் மாறணும்."

வாராவாரம் போடும் கீமோவுக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இவருக்கு அந்த இரண்டு பஸ். டாக்டர் ஓ.பி. சீட்டில் 39-க்குக் கீழே அதையும் எழுதிக்கொள்கிறார்.