எலிக்கு முடிசூட்டுமுன்

நேயர்களுக்கு வணக்கம்.

"மனிதனுக்குப் பின் பூமியை ஆளப்போகும் விலங்கு எது?" இதுதான் நிலையத்தார் எனக்குத் தந்த தலைப்பு. அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: பருவநிலை மாற்றத்துக்குக் காரணம் யார் என்ற விவாதத்தையும் தொட்டுச் செல்லலாம். சோற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு ஊறுகாயை இலை நடுவில் பரிமாறியதுபோல் எனக்குப் பட்டது. இருக்கட்டும். முதலில் ஊறுகாய்.

கையோடு ஒரு கல் கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் வைக்கிறேன்.

(கல்லை வைக்கும் ஓசை)

கேட்டிருப்பீர்கள். அரை கிலோ எடை. அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடைக்கரையில், மழை பெய்த மறுநாள், மாணவர்களோடு போனபோது கிடைத்தது. ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போலச் சுருண்டிருக்கிறது. சுருளின் முதுகில் விலா எலும்புபோல வரிகள். ஒரு பக்கம் உடைந்துவிட்டது. அங்கே பார்த்தால் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் தெரியும். இது அம்மோனைட். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் நெருங்கிய உறவு. சாளக்கிராமம் வைத்துப் பூசை செய்யும் வீட்டாருக்கு இந்தச் சுருள் புதிதல்ல. நேபாளத்துக் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தில் அவர்கள் கும்பிடும் சக்கரம் இதே இனத்தின் ஓடுதான். அது அரியலூர்க் கல்லைவிட இன்னும் பழையது.

இது வாழ்ந்த காலத்தில் அரியலூர் கடல். இந்த உயிரினமும் அதன் முன்னோரும் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் செழித்தவர்கள். 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி கண்ட பேரழிவுகளிலேயே பெரிய அழிவு நேர்ந்தது. அதிலும் சிலர் தப்பினார்கள். ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போனபோது இவர்களும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரான நாட்டிலஸ் மட்டும் பிழைத்துக்கொண்டார். தோற்றத்தில் இவரைப் போலவே சுருண்ட ஓடுதான். இன்றும் பசிபிக் கடலில் உலவுகிறார்.

ஏன் இப்படி? அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகப் பொடியானவை, கடலின் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தவை. அழிவின்போது முதலில் கெட்டது அந்த மேற்பரப்புதான். நாட்டிலஸோ பெரிய முட்டைகளைக் கொஞ்சமாக இடும். ஆழத்தில் மெதுவாக வாழும், பசி தாங்கும். இதுவே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். பலத்திலோ அறிவிலோ நாட்டிலஸ் எந்த வகையிலும் மேல் இல்லை. முட்டை இட்ட இடம் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நமக்குப் பிறகு யார் சார்?" முப்பது ஆண்டு பாடம் நடத்தியதில் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்பவர் மனத்தில் ஓர் அரியணை இருக்கிறது. ஒருவர் இறங்கினால் அடுத்தவர் ஏற வேண்டும். கேள்விக்குள்ளேயே முடிசூட்டு விழா நடந்துகொண்டிருக்கிறது.

பாறைகளில் அப்படி ஒரு விழாவும் நடக்கவில்லை. பாலூட்டிகள் டைனோசர்களோடு சேர்ந்து 14 கோடி ஆண்டுகள் வாழ்ந்தன. பெரும்பாலும் எலி, மூஞ்சூறு அளவு. புதருக்கடியில், வளைக்குள், அவற்றில் பல இராத்திரியில் மட்டும் வெளியே வந்து. விண்கல் விழுந்த பிறகு நடந்ததை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்துப் பாறை அடுக்குகள் காட்டுகின்றன. தப்பியவை அரை கிலோ எடையைத் தாண்டாதவை. 1 லட்சம் ஆண்டில் 6 கிலோ. 3 லட்சம் ஆண்டில் 25 கிலோ. 7 லட்சம் ஆண்டில், அவரை குடும்பத்துச் செடிகளின் காய்கள் அந்தப் பாறைகளில் தென்படும்போது, 50 கிலோவை நெருங்கும் விலங்கு. ஆக நம் குலத்தின் எழுச்சியில் ஒரு பங்கு அவரைக்காய்க்கு உண்டு. ஓர் அவியலுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

25 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவுக்குப் பின் நிலத்தில் கொடிகட்டிப் பறந்தது லிஸ்ட்ரோசாரஸ் என்ற விலங்கு. பன்றி அளவு, இரண்டே தந்தம், மண்ணைத் தோண்டும் கால்கள், பார்க்க அழகில்லாதது. தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது, அண்டார்க்டிகாவில் கிடைக்கிறது, நம் மேற்கு வங்கத்தில் இராணிகஞ்ச் பக்கமும் கிடைக்கிறது. முன்பு அது ஆண்டதுமில்லை, பிறகு நிலைத்ததுமில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய வேட்பாளர்களைப் பார்க்கலாம்.

சிம்பன்சி என்று உடனே சொல்கிறார்கள். நமக்குச் சொந்தம் என்பதால் வாரிசு என்ற நினைப்பு. காட்டில் மிஞ்சியிருப்பவை 3 லட்சத்துக்கும் குறைவு. நமக்கு முன்னால் போகிற கூட்டம் அது. ஆக்டோபஸ் புத்திசாலி. இந்தோனேசியக் கடலில் தேங்காய்ச் சிரட்டையைச் சுமந்துகொண்டு போய், ஆபத்து வந்தால் அதற்குள் பதுங்குவதை 2009இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் அதற்கு ஒரு சாபம். ஓரிரு ஆண்டுதான் ஆயுள். முட்டை பொரியும்போது தாய் செத்துவிடும். கற்றதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. கரப்பான் பூச்சியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். வீட்டுக் கரப்பான் நம் சமையலறைச் சூட்டை நம்பி வாழ்வது. நாம் போனால் குளிர்நாடுகளில் அதுவும் கூடவே போகும்.

எலியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கப்பலேறி உலகத்தின் தீவுகளுக்கெல்லாம் போயிற்று. எதையும் தின்னும், வளை தோண்டும், மாதத்துக்கு ஓர் ஈற்று போடும். தீவுகளில் பிரிந்து கிடக்கும் எலிகள் பத்து இருபது லட்சம் ஆண்டில் வேறு வேறு இனங்களாகும். ஒன்று மான்போல மேயலாம், இன்னொன்று நீர்நாய்போல நீந்தலாம். பந்தயம் கட்டச் சொன்னால் என் பணம் எலி மேல்தான்.

கருவி செய்யும் புத்தி என்றால் காக்கை. பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவுக் காக்கை குச்சியைச் செதுக்கிக் கொக்கி செய்து, மரப்பொந்துப் புழுவை இழுக்கிறது. நம்மூர்க் காக்கை கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே தீராத தலைவலியாகியிருக்கிறது. ஆனால் பறக்க வேண்டிய உடம்பு கனக்கக் கூடாது, மூளையும் அந்த எடைக்குள்தான். தீயை எப்படிக் கையாளும் என்றும் எனக்குப் பிடிபடவில்லை.

அது எப்படியோ தீயைக் கற்றுக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். எரிக்க என்ன இருக்கும்? மண்வெட்டிக்கு எட்டும் ஆழத்தில் இருந்த நிலக்கரியில் பெரும்பங்கை நாம் தோண்டி எடுத்துவிட்டோம். பந்திக்குப் பிந்தி வந்தவருக்கு இலை மட்டும்தான் மிச்சம். நமக்கு நடந்த நீராவி எந்திரக் கதை அடுத்தவருக்கு அப்படியே நடக்க வழியில்லை.

நிலக்கரி என்றதும் சோற்றுக்கு வந்துவிட்டோம்.

நான் காலையில் போகும் தேநீர்க்கடையில் ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்றவர், நிறையப் படிப்பவர். "நீங்கள்தானே அரியலூர் கடலாக இருந்தது என்கிறீர்கள்? அப்போது எந்தத் தொழிற்சாலை இருந்தது? பூமி தானாகவே சூடாகும், தானாகவே ஆறும்" என்பார். முட்டாள்தனமான கேள்வி இல்லை. பருவநிலை முன்பும் மாறியது உண்மை. ஆனால் 'தானாகவே' ஒரு தடவைகூட மாறவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாற்றியது. ஊரில் முன்பும் சாவு விழுந்திருக்கிறது என்பதற்காக, இந்தச் சாவை விசாரிக்காமல் கோப்பை மூடும் காவல் நிலையம் உண்டா?

விவாதம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு டைனோசர் வழக்கையே சொல்லலாம். 1980இல் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும், இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்கு அருகே ஒரு விரல் அகல மண்ணடுக்கில், விண்கற்களில் மிகுந்திருக்கும் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டி, விண்கல்தான் குற்றவாளி என்றார்கள். அது விழுந்த இடமாக மெக்சிகோவில் சிக்சுலூப் பள்ளம் அடையாளம் காணப்பட்டது. எதிர்த்தரப்பு நம் தக்காணத்தைக் கைகாட்டியது. மும்பையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போனால் மலைகள் படிக்கட்டுபோல அடுக்கடுக்காகக் கறுத்துத் தெரியும். அத்தனையும் எரிமலைக் குழம்பு. இன்று மிஞ்சியிருப்பதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர். கெர்ட்டா கெல்லர் என்ற அறிஞர் பல ஆண்டுகளாக எரிமலையின் பக்கம் நின்று வாதாடியவர். பெரும்பாலோர் விண்கல் பக்கம் வந்துவிட்டாலும், எரிமலைக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இரு தரப்பும் கல்லை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

இன்றைய வெப்பத்துக்கு அந்த அளவுக்குச் சண்டையே தேவைப்படவில்லை. சாட்சி அவ்வளவு தெளிவு.

சூரியனா? 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்துகொண்டிருக்கின்றன, ஒளி கூடிக்கொண்டே போகவில்லை. சூரியன் சுட்டால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு. கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. கம்பளி போர்த்தியவனுக்கு உள்ளே வேர்க்கிறது, கம்பளியின் வெளிப்புறம் சில்லென்று இருக்கிறது. எரிமலையா? உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பூமியின் அச்சும் பாதையும் ஆடும் ஆட்டமா? அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது. அதன் கணக்குப்படி நாம் மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

காற்றில் கூடியிருக்கும் கரி, அதாவது கார்பன், எங்கிருந்து வந்தது என்பதற்குக் கைரேகையும் உண்டு. கரியணுக்களில் எடை வேறுபாடு இருக்கிறது. செடிகொடிகள் இலேசான கரியை விரும்பி உண்ணும். அதனால் செடிகொடியிலிருந்து வந்த நிலக்கரியிலும், கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வந்த எண்ணெயிலும் எடை கூடிய கரி-13 குறைவு. கரி-14 அறவே இல்லை. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் கரைவது அது, கோடி ஆண்டுக்கு எங்கே மிஞ்சும்? காற்றைச் சோதித்தால் கரி-13இன் பங்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. பழைய கரியால் கரி-14 நீர்த்துப்போவதை, 1950களிலேயே மரவளையங்களில் ஹான்ஸ் சூஸ் என்ற அறிஞர் கண்டார். எரிப்பதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைந்துவருகிறது. ஹவாய்த் தீவில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாப் பனிக்கட்டிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளில், 8 லட்சம் ஆண்டுகளில் அது ஒரு தடவைகூட இன்றைய அளவை நெருங்கவில்லை.

மறுபடி இந்தக் கல்லுக்கு வருகிறேன்.

(கல்லைத் தட்டும் ஓசை)

இந்த அரை கிலோவும் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சூளையில் இட்டால், 280 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 220 கிராம் கரியமில வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் உள்ளே இழுத்து வைத்தது அது. சிமெண்டு செய்வதென்றால் இதுதான். சூளைக்குப் போடும் நிலக்கரி தனிக் கணக்கு. உலகத்து வெளியேற்றத்தில் சுமார் 7, 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து. அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டு போனவர்களுக்கு, அதில் என்ன போகிறது என்று தெரியட்டும். யாரையும் பழிக்கச் சொல்லவில்லை. நான் குடியிருக்கும் வீடும் சிமெண்டு வீடுதான், அதற்கு வாங்கிய கடனும் அண்மையில்தான் அடைந்தது.

2018இல் கேவின் ஷ்மிட், ஆடம் ஃபிராங்க் என்ற அறிவியலாளர் இருவர் விளையாட்டாகவும் வினையாகவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நமக்கு முன்பே ஒரு தொழில் நாகரிகம் இருந்து அழிந்திருந்தால், பாறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? கோட்டை கொத்தளம் எதுவும் மிஞ்சாது, கரியின் கைரேகை மிஞ்சும் என்பது அவர்கள் எடுத்த திசை. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் அப்படி ஒரு கரிச்சரிவு, அதாவது கரி-13இன் பங்கு இறங்கிய தடம், இருக்கிறது. அப்போது பூமி 5 முதல் 8 டிகிரி சூடானது. பூனையளவே இருந்த ஆதிக் குதிரை மேலும் சிறுத்தது. அந்தச் சரிவுக்கு எந்த நாகரிகமும் காரணமில்லை, கரி பல ஆயிரம் ஆண்டுகளில் வெளிவந்தது. நாம் விடும் வேகம் அதைவிடப் பல மடங்கு.

ஆக, எலியோ காக்கையோ, என்றாவது ஒருநாள் சுத்தியலோடு நம் அடுக்குக்கு வந்தால் ஒரு சரிவைப் பார்க்கும். அதே அடுக்கில் கோழியெலும்பு குவிந்து கிடக்கும். எந்த நேரத்திலும் உலகில் 2,000 கோடிக்கு மேல் கோழிகள் உயிரோடு இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, இங்கே ஆண்டது இரண்டு கால் கொண்ட, பறக்காத, மார்பு பெருத்த ஒரு பறவை என்று எழுதிவைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒலிப்பதிவுக்கு வரும்போது இங்கே வாசல் வேப்பமரத்தில் ஒரு காக்கை கூடு கட்டிக்கொண்டிருந்தது. அலகில் கட்டுக்கம்பித் துண்டு, கொத்தனார் பீம் கட்டிவிட்டு வீசியதாக இருக்கும். கவட்டையில் செருகப் பார்த்தது, போகவில்லை. கிளையில் வைத்துக் காலால் மிதித்து, ஒரு முனையைத் தூக்கி வளைத்தது. மறுபடி செருகியது. இந்த முறை நின்றது. உடனே அடுத்த கம்பிக்காகக் கீழே இறங்கியது. நானும் படியேறி உள்ளே வந்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.