ஏறும் சந்தை, தள்ளிப்போகும் செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

மாலைச் செய்தி அறிக்கையின் இறுதியில், வானிலைக்குச் சற்று முன்பாக, பங்குச் சந்தைக் குறியீட்டெண் இத்தனை புள்ளிகள் உயர்ந்தது என்று ஒரு வரி வாசிக்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு சிறு பட்டறைக்கு முப்பது நாளில் வந்துகொண்டிருந்த பணம் இப்போது எழுபது நாளாகியும் வரவில்லை என்பதை எந்தச் செய்தி அறிக்கையும் வாசிப்பதில்லை. முன்னது நொடிதோறும் எண்ணாகக் கிடைக்கிறது. பின்னதைப் பட்டறைக்காரரும் அவருக்குக் கணக்கு எழுதுபவரும் மட்டுமே அறிவர். சந்தை ஏறுமுகமாக இருக்கும்போதே அன்றாட வாழ்க்கைக்குள் மந்தநிலை எப்படி நுழைந்துவிடுகிறது என்பதைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

இப்படி நடப்பது புதிதன்று. அமெரிக்காவில் மந்தநிலைகளின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, அந்நாட்டுப் பொருளாதாரம் உச்சத்தைத் தொட்டுப் பெருமந்தத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது 1929 ஆகஸ்டில். அந்நாட்டுப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் அதுவரை கண்டிராத 381 புள்ளிகளை எட்டியதோ செப்டம்பர் 3ஆம் நாள். உலகம் நினைவில் வைத்திருப்பது அக்டோபர் மாதச் சரிவை மட்டுமே. அண்மைக் காலத்திற்கு வந்தால், 2020 ஏப்ரலில் அந்நாட்டில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகஸ்டிலும் 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அதே ஆகஸ்ட் 18ஆம் நாள் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் புதிய உச்சத்தில் முடிந்தது.

சந்தை பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. அதனிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்று, அது விடை சொல்லும் கேள்வி வேறொன்று. பங்கின் விலை என்பது ஒரு நிறுவனம் இனிவரும் ஆண்டுகளில் ஈட்டக்கூடும் என்று கருதப்படும் இலாபத்தின் இன்றைய மதிப்பு. வட்டி விகிதம் குறையும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தாலே அந்த மதிப்பு கூடிவிடும். நடுவண் வங்கிகள் வட்டியைக் குறைப்பதோ பெரும்பாலும் பொருளாதாரம் தளரும்போதுதான். ஆகவே கெட்ட செய்தி வந்த நாளில் சந்தை மகிழ்ந்து ஏறுவது முரண்போலத் தோன்றினாலும் கணக்குக்கு உட்பட்டதே. ஒரு பெரிய நிறுவனம் ஆட்குறைப்பை அறிவித்த காலையில் அதன் பங்கு உயர்வதும் இதே கணக்கில் அடங்கும்: வெளியேற்றப்பட்டவரின் சம்பளம் செலவுப் பத்தியிலிருந்து நீங்குகிறது, அவர் வீட்டின் நிலை எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

அத்துடன், குறியீட்டெண்ணில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். எஸ் அண்ட் பி 500இல் பெயர்கள் ஐந்நூறு இருந்தாலும், அண்மை ஆண்டுகளில் அதன் எடையில், அதாவது அந்த நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து நிறுவனங்களுக்கே உரியது. அந்தப் பத்தும் ஏறினால், எஞ்சியவற்றில் பல இறங்கினாலும் மொத்த எண் ஏறும். முடிதிருத்தகம், அச்சகம், தையலகம், ஓரிரு லாரி வைத்து ஓட்டுபவர் ஆகிய எவரும் எந்தக் குறியீட்டெண்ணிலும் இல்லை. நலிந்தவை அதிலிருந்து நீக்கப்படுவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் முதல் நாள் திவால் மனு தாக்கல் செய்தது, ஒரு வாரத்தில் டௌ ஜோன்ஸ் பட்டியலில் அதன் இடம் வேறொரு நிறுவனத்திற்குப் போயிற்று. நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு வார்டின் சராசரி உடல்நலம் மேம்பட்டது என்பதைப் போன்றது இது. பங்குகளை வைத்திருப்பவர் யார் என்று பார்த்தாலும் இதே நிலைதான். அமெரிக்கக் குடும்பங்களில் செல்வம் மிகுந்த பத்து விழுக்காட்டினரிடம் அந்நாட்டுக் குடும்பங்களின் பங்குச் செல்வத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் குவிந்திருக்கிறது.

இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு ஜிம்பாப்வே. 2007இல் அந்நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்கணக்கில் சுருங்கிவந்த நிலையில், ஹராரே பங்குச் சந்தைக் குறியீட்டெண் பன்மடங்கு உயர்ந்தது. கையில் இருந்த நாணயம் கரைந்துகொண்டிருந்ததால், மதிப்பைக் காத்துக்கொள்ள மக்கள் பங்குகளில் புகுந்தார்கள். அந்த ஏற்றம் அச்சத்தின் அளவாக இருந்தது.

இனி அன்றாட அறிகுறிகளுக்கு வருகிறேன். மந்தநிலை முதலில் ஒத்திப்போடுதலாக வருகிறது என்பது என் கருத்து. வறுமை உடனே கண்ணில் படும். ஒத்திப்போடுதல் படாது, ஏனெனில் அது ஒன்றைச் செய்யாமல் விடுவது. பல் வலி பொறுக்கக்கூடியதாக இருக்கிறது, மருத்துவரை அடுத்த மாதம் பார்க்கலாம். வண்டியின் டயர் இன்னும் சில காலம் தாங்கும். சுவருக்கு வண்ணம் அடுத்த ஆண்டு. ஒவ்வொரு வீட்டிலும் இது அற்பமான முடிவு. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே பருவத்தில் எடுக்கப்படும்போது, பல் மருத்துவரும் டயர் விற்பவரும் வண்ணம் பூசுபவரும் வருமானம் இழந்து, தம் பங்குக்கு எதையோ ஒத்திப்போடுகிறார்கள். புதுப்பொருள் விற்பனை தளர்ந்து, பழுதுபார்க்கும் கடையில் கூட்டம் சேர்வதும் இதன் மறுபக்கமே.

வேலையிலும் இதே போக்கைக் காணலாம். எந்த முதலாளியும் முதல் நாளிலேயே ஆளை நீக்குவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். பின்னர், ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் அவருடைய வேலை இருவருக்குப் பகிரப்படும். அதன்பின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். நிரந்தர ஊழியரை நீக்கும் கட்டம் வரும்போது மந்தநிலை ஏற்கெனவே வளர்ந்திருக்கும். ஆகையால் வேலையின்மை விழுக்காடு தாமதமாகவே பேசுகிறது. வாராந்திர வேலைநேரம் முன்பே பேசிவிடுகிறது. அமெரிக்காவின் கான்ஃபரன்ஸ் போர்டு என்ற ஆய்வு அமைப்பு வெளியிடும் முன்னறிகுறிப் பட்டியலில் ஆலைத் தொழிலாளரின் சராசரி வேலைநேரம் ஓர் இனம். பங்கு விலையும் அதே பட்டியலில் இருக்கிறது என்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும். மக்கள் தாமாக வேலையை விட்டு விலகுவது குறைவதும் கவனிக்கத்தக்கது: வெளியே வேறு வேலை கிடைக்கும் என்ற துணிவு இல்லாதவர், பிடிக்காத இருக்கையிலும் அமர்ந்திருப்பார்.

ஆயினும் நான் மிகவும் மதிக்கும் அறிகுறி, தொடக்கத்தில் சொன்ன பட்டறைக்காரரின் பாக்கிதான். தளர்ச்சி வரும்போது பெரிய நிறுவனம் வங்கிக்குத் தரவேண்டியதை நிறுத்தாது. தனக்குப் பொருள் அளித்த சிறியவருக்குத் தரவேண்டியதைத்தான் நீட்டும். பில்லில் ஏதேனும் குறை கண்டுபிடிக்கப்படும், கையெழுத்திடவேண்டியவர் விடுப்பில் இருப்பார், அடுத்த வாரம் நிச்சயம் என்பார்கள். சிறியவர் தம் மூலப்பொருள்காரரிடம் கெடு கேட்பார், அவர் தம் லாரிக்காரரிடம் கேட்பார். இவ்வளவு நடந்தும் விற்பனை புள்ளிவிவரத்தில் குறைந்திருக்காது; பொருள் கைமாறிவிட்டது, பணம் மட்டும் மாறவில்லை. பெரிய நிறுவனத்தின் கையிருப்போ அந்தக் காலாண்டில் பெருகியிருக்கும், அதைக் கண்டு அதன் பங்கும் ஏறலாம். ஒருவருடைய நெருக்கடி மற்றவருடைய நல்ல செய்தியாகும் இடம் இதுதான்.

குடும்பத்தின் கடனையும் இவ்வாறே படிக்கலாம். கடன் கூடுவதை மட்டும் பார்த்தால் போதாது, எதற்காகக் கூடுகிறது என்று பார்க்கவேண்டும். வீட்டுக்கும் வண்டிக்கும் வாங்கிய கடன் நம்பிக்கையைக் காட்டக்கூடும்; மாதக் கடைசி மளிகைக்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்து, அதற்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது வேறு கதை.

வேடிக்கையான அறிகுறிகளும் உண்டு. அழகுசாதனத் தொழிலதிபர் லெனர்ட் லாடர், 2001 மந்தநிலையின்போது உதட்டுச்சாய விற்பனை கூடுவதைச் சுட்டிக்காட்டினார். பெரிய ஆடம்பரத்தைக் கைவிட்டவர்கள் சிறிய ஆடம்பரத்தில் ஆறுதல் தேடுகிறார்கள் என்பது விளக்கம். பிந்தைய மந்தநிலைகளில் அது சீராகப் பொருந்தவில்லை. ஒரு கடை மூடப்பட்டதைக் கண்டதும் மந்தநிலை என்று அறிவித்துவிடும் பழக்கமும் இதைப் போன்றதே; அந்த வியாபாரம் இணையத்திற்கு மாறியிருக்கலாம். சந்தையும் இதற்கு விலக்கன்று. கடந்த ஐந்து மந்தநிலைகளில் ஒன்பதைச் சந்தை முன்கூட்டியே சொல்லிவிட்டதாகப் பொருளியலறிஞர் பால் சாமுவேல்சன் 1966இல் கேலி செய்தார்.

அதிகாரபூர்வ அறிவிப்புக்காகக் காத்திருக்கலாம் என்றால், அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை அறிவிக்கப்பட்டது 2008 டிசம்பர் முதல் நாளில். இடைப்பட்ட ஓராண்டில் எத்தனையோ குடும்பங்கள் அறிவிப்பின் துணையின்றியே அதை அறிந்துகொண்டன.

அப்படியானால் அறிகுறிகளைக் கண்டதும் சந்தையில் போட்ட பணத்தை எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இவ்வறிகுறிகள் அதற்கு உதவா. அவற்றைக் கொண்டு நம் வேலை எவ்வளவு பாதுகாப்பானது, சில மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா, புதிய தவணையை இப்போது ஏற்கலாமா என்று முடிவு செய்யலாம். சந்தையின் அடுத்த திசையைக் கணிக்க முடியாது. அமெரிக்காவில் வேலையின்மை 10 விழுக்காடு என்ற உச்சத்தைத் தொட்டது 2009 அக்டோபரில். சந்தை தன் அடிமட்டத்தை அதே ஆண்டு மார்ச் 9ஆம் நாளே கண்டுவிட்டு, அதற்குள் ஏழு மாதங்களாக ஏறிக்கொண்டிருந்தது.

வணக்கம்.