சொல்லா, சந்தமா? சந்தமே!

நடுவர் அவர்களே, மயிலாடுதுறைப் பெருமக்களே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கவிதை நாடகத்தில் பாத்திரத்தின் மனத்தைக் காட்டுவது சொல்லா, சந்தமா? எதிரணித் தம்பி சொன்னார்: “சந்தம் தவில் மாதிரி. சத்தம் இருக்கும், சங்கதி இருக்காது.” தம்பி, காவிரித் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தவிலைப் பழிக்கலாமா?

எங்கள் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை அப்போதுதான் மணையில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்கிறார். தாலி இன்னும் தேங்காய் மேலேயே இருக்கிறது. பந்தலில் ஓடிய பொடியனைப் பார்த்து, “ஓடாதேடா” என்று பெரியப்பா விரலை ஆட்டினார். தவில்காரர் கண்ணில் அந்த விரல் பட்டுவிட்டது. விடுவாரா? கெட்டிமேளம்! அட்சதை பறக்கிறது. புரோகிதர் வாயில் பாதி மந்திரம், பாதி அரிசி. “நிறுத்து, நிறுத்து” என்று பெரியப்பா இன்னும் வேகமாக விரலை ஆட்ட, மேளமும் இன்னும் வேகமாகிறது!

நடுவரே, சிரித்தது போதும், முக்கியமான ஆள் இனிமேல்தான். கடைசி வரிசையில் எங்கள் பாட்டி. கண்புரை, மேடை தெரியாது. கெட்டிமேளம் கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அதில் ஒரு சொல் உண்டா? தாலியே கட்டவில்லையே ஐயா!

சரி, சிலம்புக்கு வருகிறேன். நாடகக் காப்பியம், கண்ணகி நம் பக்கத்துப் பூம்புகார்க்காரி. பாண்டியன் முன் நின்று “தேரா மன்னா” என்கிறாள். அசை பிரியுங்கள்: தே, ரா, மன், னா. நாலும் நேரசை, ஒரே தட்டில் முடிகிற அசை. நாலு அறை! “ஆராயாத அரசனே” என்று மாற்றிப் பாருங்கள். பொருள் அதேதான், ஆனால் மனு கொடுக்க வந்தவள் போல் ஆகிவிடும். நொண்டி நாடகத்தில் கால் போன கள்ளன் பாடுவது நொண்டிச்சிந்து. அங்கே பாட்டே நொண்டுகிறது. சிலம்பின் கானல்வரிப் பகுதியில் கோவலனும் மாதவியும் காவிரியை ஒரே மெட்டில்தானே பாடிப் பிரிந்தார்கள் என்று எதிரணி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தப் போவதில்லை.

அந்தப் பாட்டிக்குக் கடைசி வருஷம் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. என் மகளைப் பக்கத்தில் கிடத்தினால், அசைகிற ஒரு கையால் தட்டிக்கொண்டே “ம்ம்… ம்ம்” என்பாள். ஆராரோகூட வராது. பிள்ளை தூங்கிவிடும்.

பாட்டி போன அன்று ராத்திரி பிள்ளை அழுதது. நானும் அதே மாதிரி தட்டிப் பார்த்தேன். தாலாட்டு முழுக்க எனக்குப் பாடம், ஒரு சொல் விடாமல் பாடினேன். பிள்ளை என் கையைத் தள்ளிவிட்டது.

வணக்கம்.