பெல்ட் அறுந்த சனிக்கிழமை

வணக்கம் மக்களே. இந்த வாரம் ஹெட்செட் ஒப்பீடு போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஊரிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு, இங்கே அரிசோனாவில், பீனிக்ஸ் டீர் வேலி விமான நிலையத்திலிருந்து பேசன் ஊருக்குப் பறந்து போய், டிபனை முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். நாலு பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் அதே குட்டி விமானம், செஸ்னா 172தான். இடது பக்கம் பார்ட்லெட் ஏரி தெரிகிறது. பேனலில் சிவப்பாக ஒரு விளக்கு: ‘லோ வோல்ட்ஸ்’. மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியையும் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது.

முதலில் நான் எதையும் தொடவில்லை. உயரம், வேகம், மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்தேன். 1972 டிசம்பரில் மயாமி பக்கம் ஈஸ்டர்ன் 401 விமானத்தில், சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சின்ன பல்பு எரியவில்லை. காக்பிட்டில் எல்லோரும் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பில் விழுந்தது. 101 பேர் இறந்துபோனார்கள். எந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

சித்தப்பா கேட்டார், “என்னப்பா, சிவப்பா எரியுது? என்ஜின் நின்னுடுமா?”

“நிக்காது சித்தப்பா. உங்க பழைய டி.வி.எஸ். 50 பேட்டரியை நம்பியா ஓடுச்சு? பேட்டரி இல்லாமலே பொறி தர்ற மேக்னெட்டோதானே? இதுலயும் அதேதான். ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்புறம் செக்லிஸ்ட். ஆல்டர்னேட்டரின் சர்க்யூட் பிரேக்கர் பட்டன் உள்ளே இருக்கிறதா? இருக்கிறது. வெளியே வந்திருந்தால் ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம், அதுவும் புகை, கருகல் வாசனை எதுவும் இல்லாவிட்டால்தான். மாஸ்டர் சுவிட்சில் ஆல்டர்னேட்டருக்கான பாதியை ஒரு தடவை அணைத்து, மறுபடியும் போட்டேன். விளக்கு அப்படியே எரிகிறது. சரி, இனி பேட்டரி மட்டும்தான். அதில் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எதையும் அணைப்பதற்கு முன்னால், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் ரேடியோவில் நிலைமையைச் சொல்லிவிட்டேன். “ஆல்டர்னேட்டர் இல்லை, ரேடியோ எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். நின்றால் விமான நிலைய டவரின் விளக்கைப் பார்த்து இறங்குகிறேன்.” டவரிலிருந்து அணையாமல் பச்சை காட்டினால் இறங்கலாம், அணையாமல் சிவப்பு காட்டினால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் இறக்கையை ஆட்டினால் ‘புரிந்தது’ என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது ரேடியோ, விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தேன்.

பகல் வெளிச்சம், தெளிந்த வானம், என்ஜின் கடகடவென்று ஓடுகிறது. கண்ட இடத்தில் இறக்க வேண்டிய அவசரம் இல்லை. அதனால் வீட்டு ரன்வேதான் என்று முடிவு செய்தேன்.

இப்போது என் கையடக்க ரேடியோ! போன மாத வீடியோவில் “இவ்வளவு விலை கொடுத்து எதுக்கு?” என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ரேடியோவை விட முக்கியம் இதோ, இந்தச் சின்ன வயர். ஹெட்செட்டை ரேடியோவோடு இணைக்கும் அடாப்டர். இது இல்லாவிட்டால் என்ஜின் சத்தத்தில் ரேடியோவைக் காதில் ஒட்டி வைத்தாலும் ஒரு வார்த்தை கேட்காது. ரேடியோ வாங்கி அடாப்டரை விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பென்சில் பேட்டரி போடும் வகையையே வாங்குங்கள். சார்ஜ் போட மறந்தாலும் பெட்டிக்கடையில் கிடைக்கும்.

விமான ரேடியோ கரகரத்து நின்றது. வயரைச் சொருகினேன். டவர் அவ்வளவு தெளிவாகக் கேட்டது! அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது!

இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கும் மடல்தான் ஃபிளாப்ஸ். 172-இல் அது மின்சாரத்தில் ஓடுவது. பாதியில் நின்றுவிட்டால் தொல்லை, அதனால் அதைத் தொடவே இல்லை. கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வந்து நீளமாக இறங்கினேன். டீர் வேலியில் 8,000 அடிக்கும் மேல் ரன்வே இருக்கிறது, பாதியைக்கூடத் தாண்டவில்லை.

காரணம் என்ன தெரியுமா? ஆல்டர்னேட்டரைச் சுற்றும் ரப்பர் பெல்ட் அறுந்திருக்கிறது. காலையில் விமானத்தின் மூக்கில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பெல்ட் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அது புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றுகிறது, மாட்ட வேண்டுமானால் புரொப்பெல்லரையே கழற்ற வேண்டும்! கூலிதான் பெல்ட்டைப் போலப் பல மடங்கு. நாலு பங்காகப் பிரித்தும் எனக்கு வயிறு எரிகிறது. ரேடியோவுக்குக் கொடுத்த காசுக்கு மட்டும் ஒரு துளி வருத்தமில்லை.

பெல்ட் மாட்டியாகிவிட்டது. இன்னொரு அடாப்டர் வயர் வாங்கி, விமானத்தின் பக்கப்பையிலேயே போட்டுவிட்டேன், மற்ற மூன்று பேருக்கும் ஆகும். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறாராம். இந்த முறை செக்லிஸ்ட்டை அவர்தான் படிக்கப் போகிறார்.