வெள்ளைப்படுதல் நிற்கவே இல்லை என்றால்

வணக்கம். தலைப்பைக் கேட்டதும் வானொலியின் ஒலியைக் குறைக்கச் சிலருக்குக் கை போயிருக்கும். குறைக்காதீர்கள், வீட்டில் எல்லாரும் கேட்கலாம்.

வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை. மாதவிலக்கு வருகிற வயதில் தினமும் கொஞ்சம் படுவது இயல்பு. கருமுட்டை வெளிவரும் நாட்களில் தெளிவாக, விரலில் எடுத்தால் இழுபடும், அப்புறம் கெட்டியாகும். கர்ப்ப காலத்தில் இன்னும் கூடும். உள்ளாடையில் காய்ந்து லேசான மஞ்சளாகத் தெரிந்தாலும் பயம் வேண்டாம். வாடை, அரிப்பு, எரிச்சல், வழக்கத்துக்கு மாறான நிறம் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பெண் வாடை போகவில்லை என்று சோப்பு, கிருமிநாசினி எல்லாம் போட்டு உள்ளே வரை கழுவிக்கொண்டிருந்தார். "இவ்வளவு சுத்தமா இருக்கேனே டாக்டர், எனக்கு எப்படி?" என்றார். கழுவியதுதான் அம்மா சிக்கலே! யோனிக்குள் லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து காவல் காக்கின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு பெரும்பாலும் 4.5-க்குள் இருக்கும்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். கழுவக் கழுவ அந்தக் காவல் போய், வேறு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படும், மீன் வாடை அடிக்கும். உடனே இன்னும் கழுவத் தோன்றும், பாருங்கள்! வெளியே தண்ணீர் போதும். உள்ளே எதுவும் வேண்டாம். திரும்பச் சொல்கிறேன், உள்ளே எதுவும் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரையோடு நான் எழுதிக் கொடுத்தது, 'உள்ளே கழுவுவதை நிறுத்தவும்'.

திரிந்த பால் போல வெள்ளையாகப் பட்டு, அரிப்பு தாங்கவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு இது வருவதுண்டு. அடிக்கடி வந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்துப் பட்டால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியின் தொற்றாக இருக்கலாம். அது உடலுறவில் பரவுவது. மனைவி மட்டும் மாத்திரை போட்டுக் கணவர் போடாவிட்டால் மறுபடி தொற்றும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். போன தடவை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்குவதும் வேண்டாம். பரிசோதனைக்குப் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுப்பது ஒரு நிமிட வேலை.

நேரம் ஆகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கலந்து பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும் தள்ளிப்போடாமல் கர்ப்பப்பையையும் அதன் வாயையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். வணக்கம்.