எறும்புகளை நிமிர வைத்தது கணினிதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'எ பக்ஸ் லைஃப்' என்ற, கணினியில் உருவாக்கிய எறும்பு அனிமேஷன் படத்தைத் தூக்கி நிறுத்தியது கதையா, கணினியா என்பது தலைப்பு. நான் கணினியின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ஈசாப்பின் எறும்பும் வெட்டுக்கிளியும் கதையில்தான் படத்தின் உயிரே இருக்கிறது என்றார். விதை அங்கிருந்து வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1998இல் இரண்டே மாதத்துக்குள் இரண்டு எறும்புப் படங்கள் வந்தன. அக்டோபரில் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் 'ஆன்ட்ஸ்', நவம்பரில் பிக்சார் நிறுவனத்தின் இந்தப் படம். இரண்டிலும் கூட்டத்தோடு ஒட்டாத ஓர் எறும்பு, ஓர் இளவரசி, ஆபத்தில் சிக்கிய புற்று. அப்புறம் ஏன் 'ஆன்ட்ஸ்' வசூல் சுமார் 17 கோடி டாலரோடு நிற்க, இது 36 கோடியைத் தொட்டது?

பிக்சார்க்காரர்கள் ஒரு குச்சியின் முனையில் குட்டிக் கேமராவைக் கட்டி, சக்கரம் வைத்து, செடிகளுக்குள் தரையோடு தரையாக ஓட்டிப் பார்த்தார்கள். பூச்சியின் கண் உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு இலையும் வெயிலை உள்வாங்கி விளக்குப் போல ஒளிர்கிறது, நின்றபடி குனிந்து பார்க்கும் நமக்கு அது தெரிவதே இல்லை. அந்த ஒளியைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அதுதான் படம்! 'ஆன்ட்ஸ்' பெரும்பாலும் மண்ணுக்கடியில், பழுப்பு நிறத்திலேயே ஓடுகிறது.

சரி, கதைக்கே வருகிறேன். எறும்புகளை மிரட்டித் தானியம் பறிக்கும் வெட்டுக்கிளிகளின் தலைவன் ஹாப்பர் ஒரு தானியத்தை எடுத்துத் தன் ஆள்மீது எறிகிறான். வலிக்கிறதா என்று கேட்கிறான். இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. உடனே சாடியின் மூடியைத் திறந்துவிட, மொத்தத் தானியமும் சரிந்து அவன் ஆட்களைப் புதைத்துவிடுகிறது. எறும்பு ஒவ்வொன்றாக அற்பம், மொத்தமாக எழுந்தால் நாம் காலி என்று அவனுக்குத் தெரியும். கதையின் கரு இதுதான், இல்லையா? அந்த 'மொத்தத்தை' யார் காட்டியது? 400க்கும் மேற்பட்ட ஷாட்களில் எறும்புக் கூட்டம். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கையால் அசைத்து முடியுமா? அதற்கென்றே மென்பொருள் எழுதி, ஒன்று திரும்பும்போது இன்னொன்று தயங்கும்படி, ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாகத் தெரியாதபடி நடக்கவிட்டார்கள்.

கடைசியில் எறும்புகள் கைகோத்து முன்னேறி வரும்போது வெட்டுக்கிளிகள் பின்வாங்குகின்றன. நடுவர் அவர்களே, அங்கே பத்தே பத்து எறும்புகள் நின்றிருந்தால் அவை பின்வாங்கியிருக்குமா? சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.